விரல் நுனிகள் மரத்துப்போகின்றனவா? எந்த விரல் என்று முதலில் பாருங்கள்

கேள்வி: எனக்கு 47 வயது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் தைக்கிறேன். சர்க்கரை நோய்க்காக ஒன்பது ஆண்டுகளாக மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறேன். சைவ உணவுதான். நான்கு மாதங்களாக வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் நுனிகள் மதமதவென்று மரத்துப்போகின்றன. சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. நள்ளிரவுக்குப் பிறகு இதனாலேயே தூக்கம் கலைகிறது, எழுந்து கையை உதறினால் சரியாகிவிடுகிறது. இப்போது இடது கையிலும் தொடங்கியிருக்கிறது. ஊசியில் நூல் கோக்கவே சிரமமாக உள்ளது. மருந்துக்கடையில் கொடுத்த நரம்பு மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டும் குறையவில்லை. ஒருவர் கழுத்து எலும்புத் தேய்மானம் என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார். இது பக்கவாதத்தின் அறிகுறி என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. சர்க்கரை இருந்தால் இப்படித்தான் என்கிறார் கணவர். இது எதனால்? வேலையை விட்டுவிட வேண்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் கடிதத்தில் நான் திரும்பப் படித்த இடம், சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை என்று நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் இடம்தான். விரல்கள் மரத்துப்போவதற்குக் காரணங்கள் ஏராளம். ஆனால் எந்த விரல்கள், எந்த நேரத்தில், என்ன செய்தால் குறைகிறது என்ற மூன்றையும் ஒருவர் தெளிவாகச் சொல்லிவிட்டால், பாதி நோய்க்கணிப்பு அங்கேயே முடிந்துவிடுகிறது. நீங்கள் மூன்றையும் சொல்லியிருக்கிறீர்கள். உங்களை நேரில் சோதிக்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாலும், கோளாறு கழுத்திலோ மூளையிலோ இல்லாமல் மணிக்கட்டில் இருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று சொல்லலாம்.

கைக்கு உணர்ச்சியைத் தருபவை மூன்று நரம்புகள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் ஆகிய மூன்றின் உள்பக்கத்துக்கும், மோதிரவிரலில் நடுவிரலை ஒட்டிய பாதிக்கும் மீடியன் நரம்பு செல்கிறது. சுண்டுவிரலும் மோதிரவிரலின் மறுபாதியும் அல்நர் நரம்பைச் சேர்ந்தவை. புறங்கையில் கட்டைவிரல் பக்கத்தை ரேடியல் நரம்பு கவனித்துக்கொள்கிறது. ஆகவே மோதிரவிரல் ஒரு எல்லைக்கோடு. கண்களை மூடிக்கொண்டு, வீட்டில் ஒருவரை அந்த விரலின் இரு பக்கங்களையும் பஞ்சால் மாறி மாறித் தொடச் சொல்லுங்கள். நடுவிரல் பக்கம் மந்தமாகவும் சுண்டுவிரல் பக்கம் தெளிவாகவும் தெரிந்தால், மீடியன் நரம்புதான் சிக்கலில் இருக்கிறது என்பதற்கு அது வலுவான சான்று. ஏனென்றால் கழுத்திலிருந்து கிளம்பும் நரம்பு வேர்களோ மூளையோ ஒரே விரலை இப்படி நடுவில் பிளந்து பாதியை மட்டும் மரக்கச் செய்வது அரிது. அடுத்து, கட்டைவிரலின் அடியில் உள்ள மேட்டுப் பகுதியின் தோலையும் தொட்டுப் பாருங்கள். நுனிகள் மரத்திருக்கும்போது அந்த இடத்தில் உணர்ச்சி சரியாக இருந்தால், நரம்பு நசுங்கும் இடம் மணிக்கட்டுதான் என்பது மேலும் உறுதிப்படும், காரணம் அந்தத் தோலுக்குப் போகும் சிறு கிளை மணிக்கட்டுக்கு முன்பே பிரிந்து தனிவழியில் போய்விடுகிறது.

மணிக்கட்டின் உள்பக்கத்தில், அடியில் சிறு எலும்புகளும் மேலே ஒரு தடித்த நார்ப்பட்டையும் சேர்ந்து ஒரு குறுகிய பாதையை அமைத்திருக்கின்றன. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. தசைநாண்களைச் சுற்றிய உறை சற்றே தடித்தாலும், திசுக்களில் கொஞ்சம் நீர் கோத்தாலும், மணிக்கட்டு நெடுநேரம் மடங்கியபடி இருந்தாலும், முதலில் நசுங்குவது நரம்புதான். இதைத்தான் கார்பல் டனல் சிண்ட்ரோம் என்கிறோம். தூங்கும்போது நாம் அறியாமலே கையை மடக்கிக் கன்னத்துக்கடியில் வைத்துக்கொள்கிறோம். படுத்த நிலையில் கைகளில் நீர்த்தேக்கமும் சற்றுக் கூடுகிறது. அதனால் இரவில்தான் இது எழுப்பும். எழுந்து உட்கார்ந்து கையை உதறினால் தெளியும். ‘இரவில் என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டவுடன், வாயால் பதில் சொல்லாமல் கையை உதறிக் காட்டும் நோயாளிகள் உண்டு. அந்த உதறலே ஒரு அறிகுறியாக மருத்துவப் பாடத்தில் இடம்பெற்றிருக்கிறது. பகலில் பேருந்துக் கம்பியைப் பிடித்து நிற்கும்போது, ஸ்கூட்டர் ஓட்டும்போது, கைபேசியைக் காதில் வைத்துப் பேசும்போது இதே மதமதப்பு வருகிறதா என்றும் கவனியுங்கள். இரு புறங்கைகளும் ஒன்றோடொன்று ஒட்டும்படி மணிக்கட்டுகளைக் கீழ்நோக்கி மடக்கி ஒரு நிமிடம் வைத்திருந்தால் அந்த மூன்று விரல்களும் மரக்கின்றனவா என்பது மருத்துவர்கள் செய்யும் எளிய சோதனை. நீங்களே செய்து பார்க்கலாம்.

உங்களுக்கு இது வருவதற்குக் காரணம் ஒன்றல்ல, பல. மெஷினில் துணியை அழுத்தித் தள்ளுவதும், சிறு கத்திரியால் பிசிறு வெட்டுவதும் நாள் முழுவதும் ஒரே அசைவை ஓயாமல் செய்விப்பவை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கார்பல் டனல் மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது. பெண்களிடம், குறிப்பாக நடுவயதில், இது கூடுதலாகக் காணப்படுகிறது. தைராய்டு சுரப்புக் குறைவு, முடக்குவாதம், உடல் பருமன், கர்ப்பம் ஆகியவையும் இதை வரவழைக்கும். கர்ப்பத்தில் வருவது பெரும்பாலும் பேறுகாலத்துக்குப் பிறகு தானாகவே போய்விடும். உங்களுக்கு அண்மையில் எடை கூடியிருந்தாலோ, மலச்சிக்கல், உடல் சோர்வு, குளிரைத் தாங்க முடியாமை ஆகியவை இருந்தாலோ, தைராய்டு பரிசோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

இனி, மற்றவர்கள் சொன்னவற்றைப் பார்ப்போம். பக்கவாதம் நொடியில் வருவது. நான்கு மாதங்களாக இரவில் மட்டும் எட்டிப் பார்த்து, கையை உதறினால் விலகி, பிறகு மறு கைக்கும் பரவும் வழக்கம் அதற்குக் கிடையாது. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் கவலையை நான் முழுவதும் தள்ளிவிடவும் மாட்டேன். ஒரு பக்கத்துக் கைவிரல்களும் அதே பக்கத்து வாயோரமும் திடீரென்று சேர்ந்து மரத்துப்போனால், அது மூளைக்குள் இரத்த ஓட்டம் தடைபட்டதன் அடையாளமாக இருக்கலாம். மூளையின் உட்பகுதியில் உதட்டின் உணர்ச்சியும் விரல்களின் உணர்ச்சியும் அடுத்தடுத்த இடங்களில் வந்து சேர்வதே காரணம். வாய் கோணுதல், பேச்சுக் குழறல், கை கால் பலமிழத்தல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் எது சேர்ந்து வந்தாலும், பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், 108-ஐ அழைத்து சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும். காலையில் எழுந்து பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாத நோய் அது.

கழுத்துத் தேய்மானம் பற்றி என் கருத்தைச் சற்று வெளிப்படையாகவே சொல்கிறேன். நாற்பதைத் தாண்டிய, எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் எலும்புத் தேய்மானமோ, எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு (டிஸ்க்) வீங்கியிருப்பதோ தெரியத்தான் செய்யும். அந்த அறிக்கையைப் பார்த்து, கோளாறு மணிக்கட்டில் இருக்க, மாதக்கணக்கில் கழுத்துப் பட்டையை மாட்டிக்கொண்டு திரிபவர்கள் குறைவல்ல. கழுத்தில் நரம்பு வேர் நசுங்கினால் அதற்கென்று தனி அடையாளங்கள் உண்டு. வலி கழுத்திலோ தோள்பட்டையிலோ கிளம்பிக் கை வழியாகச் சுளீரென்று இறங்கும். மேலே அண்ணாந்து அந்தப் பக்கம் தலையைச் சாய்த்தால் கூடும். கையைத் தூக்கித் தலைமேல் வைத்துக்கொண்டால் குறையும். ஆறாவது வேர் என்றால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும், ஏழாவது என்றால் நடுவிரல், எட்டாவது என்றால் சுண்டுவிரல் பக்கம் மரக்கும். இவை உங்கள் கடிதத்தில் இல்லை.

ஆனாலும் ஒன்றைச் சோதித்துவிட வேண்டும். இரு கைகளும் மரத்து, நூல் கோக்கவும் பித்தான் போடவும் முடியாமல் விரல்கள் தடுமாறுவதோடு, கால்கள் விறைத்ததுபோல் நடை மாறியிருந்தாலோ, சிறுநீர் வந்தால் அடக்க முடியாமல் போனாலோ, கழுத்தில் தண்டுவடமே அழுத்தப்படுகிறதோ என்று ஐயப்பட வேண்டும். அப்போது எம்.ஆர்.ஐ. உடனே வேண்டும், அதில் தாமதம் கூடாது. முழங்காலிலும் கணுக்காலிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தாலே மருத்துவருக்கு இது பெரும்பாலும் புரிந்துவிடும். அந்தத் தட்டிப் பார்த்தலுக்குப் பிறகு ஸ்கேனை முடிவு செய்வதுதான் முறை.

உங்கள் கணவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சர்க்கரை நோய் நரம்புகளைக் கெடுக்கும்தான். ஆனால் அது முதலில் தாக்குவது உடலின் மிக நீளமான நரம்புகளின் நுனிகளை, அதாவது கால்விரல்களை. பாதத்தில் தொடங்கி, மெல்ல ஏறி, ஏறத்தாழ முழங்காலை நெருங்கும்போதுதான் கைவிரல் நுனிகளில் தெரியத் தொடங்கும். அப்போதும் சுண்டுவிரலை விட்டுவைக்காமல் கையுறை மாட்டியதுபோல ஐந்து விரல்களிலும் பரவும். கால்விரல்கள் நன்றாக இருக்க, கைவிரல்களில் மூன்று மட்டும் மரப்பதைச் சர்க்கரை நோயின் பொதுவான நரம்புப் பாதிப்பு என்று சொல்லி விட்டுவிடுவது தவறு, ஏனென்றால் விட்டுவிட்டால் குணப்படுத்தக்கூடிய ஒன்றைக் குணப்படுத்தாமல் விடுகிறோம். உங்கள் பாதங்களை ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அங்கும் மதமதப்பு இருந்தால் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன என்று கொள்ள வேண்டும், அதுவும் அரிதன்று.

எல்லாவற்றையும்விட என் கவனத்தை இழுப்பது வேறொன்று. ஒன்பது ஆண்டு மெட்ஃபார்மின், அதோடு சைவ உணவு. மெட்ஃபார்மின் நல்ல மருந்து. அதை நீங்களாக நிறுத்த வேண்டாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் சாப்பிடும்போது, உணவிலிருந்து வைட்டமின் பி12 குடலில் உறிஞ்சப்படுவதை அது குறைத்துவிடுகிறது. பி12 தாவர உணவில் இல்லை. பால், தயிர், மோர் வழியாகத்தான் உங்களுக்குக் கொஞ்சம் கிடைக்கிறது. வரவும் குறைவு, அதிலும் உறிஞ்சப்படுவது குறைவு என்றால், கல்லீரலில் உள்ள இருப்பு சில ஆண்டுகளில் கரைந்துவிடும். நெஞ்செரிச்சலுக்காக ஒமிபிரசோல், பான்டபிரசோல் போன்ற மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு இந்த இழப்பு இன்னும் கூடும்.

பி12 குறையும்போது நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்புறை சிதைகிறது. தண்டுவடத்தின் பின்பகுதியும் பாதிக்கப்படுவதால், சர்க்கரை நோயைப் போலக் காலில் தொடங்கி வரிசையாக ஏறாமல், கை கால் இரண்டிலும் ஒரே சமயத்தில் மரப்புத் தொடங்கலாம். குளியலறையில் முகத்துக்குச் சோப்புப் போட்டுக் கண்ணை மூடியவுடன் உடம்பு ஆடுகிறது, இருட்டில் நடந்தால் கால் எங்கே படுகிறதென்று தெரியவில்லை என்று சொல்பவர்களிடம் நான் முதலில் நினைப்பது இதைத்தான். நாக்கு சிவந்து வழவழப்பாகி எரிவதும், மறதியும் சேரலாம். இரத்தசோகை இல்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே நரம்பு கெட்டுக்கொண்டிருக்கலாம். ஃபோலிக் அமிலத்தை மட்டும் கொடுத்தால் இரத்தசோகை திருந்திவிடும், நரம்புச் சிதைவு உள்ளுக்குள் தொடரும். இரத்தத்தில் பி12 அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிக்கோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு உறுதி. 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால் ஐயத்துக்குரியது, அறிகுறிகளோடு சேர்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் அந்த மருந்துக்கடை மாத்திரை குழப்பம் செய்கிறது. பி12 கலந்த மாத்திரையை ஒரு மாதம் சாப்பிட்டுவிட்டு இரத்தப் பரிசோதனைக்குப் போனால் அளவு சரியாகவே காட்டும்; உண்மையான நிலை மறைந்துவிடும். முதலில் இரத்தம், பிறகு மாத்திரை என்பதே சரியான வரிசை. நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டதால், அந்த மாத்திரை அட்டையை மறக்காமல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அட்டையின் பின்புறத்தில் பைரிடாக்சின் என்று எழுதியிருப்பது வைட்டமின் பி6. அதை அதிக அளவில் மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே உணர்ச்சி நரம்புகளைக் கெடுத்து விரல் நுனிகளை மரக்கச் செய்யும். நரம்புக்குச் சத்து என்று நம்பி, குறையவில்லையே என்று இரண்டு மூன்றாகக் கூட்டிச் சாப்பிடுகிறவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். இதற்கு மறுபக்கமும் உண்டு: காசநோய்க்கு ஐசோனியாசிட் சாப்பிடுபவர்களுக்கு பி6 குறைந்து கை கால் மரக்கும் என்பதால், மருத்துவரே அளவறிந்து சிறிதளவு பி6 சேர்த்துத் தருவார், அதை நிறுத்திவிடக் கூடாது.

இதே தொந்தரவுள்ள மற்ற வாசகர்களுக்காகவும் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரலும் அதை ஒட்டிய மோதிரவிரல் பாதியும் மரத்தால் முழங்கையைப் பாருங்கள். நாற்காலிக் கையிலோ மேசை விளிம்பிலோ முழங்கையை ஊன்றியே உட்காருபவர்களுக்கும், கையை நெடுநேரம் மடக்கி வைத்திருப்பவர்களுக்கும் அல்நர் நரம்பு அங்கே நசுங்கும். ஆனால் நம் நாட்டில் அந்த நரம்பைத் தொட்டுப் பார்க்காமல் விடக்கூடாது. அது கயிறுபோலத் தடித்திருந்தாலோ, உடலில் எங்காவது நிறம் வெளிறி உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தாலோ, தொழுநோயை நினைக்க வேண்டும். தொழுநோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து நீங்கிவிட்டதாக இந்தியா 2005-ஆம் ஆண்டு இறுதியில் அறிவித்தது உண்மை. அதற்காக நோயே இல்லாமல் போய்விடவில்லை. கூட்டு மருந்துச் சிகிச்சை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசமாகக் கிடைக்கிறது. வகையைப் பொறுத்து ஆறு மாதமோ ஓராண்டோ சாப்பிட்டால் குணமாகும். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் பிற்பகுதியிலிருந்து பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட், இந்நோயாளிகளின் விரல்கள் தாமாக அழுகி உதிர்வதில்லை, சூடும் வெட்டும் உறைக்காததால் படும் காயங்களே அவற்றை அழிக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். எந்தக் காரணத்தால் மரத்த விரலுக்கும் அது பொருந்தும். சூடான பாத்திரத்தைத் துணி பிடித்தே இறக்குங்கள், மெஷின் ஊசிக்கு அருகில் விரலைப் பார்த்தே நகர்த்துங்கள், இரவு படுக்கும் முன் விரல் நுனிகளை வெளிச்சத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

குளிர்ந்த நீரில் கை வைத்தவுடன் விரல்கள் வெளுத்து, பிறகு நீலம் பாய்ந்து, பிறகு சிவந்தால் அது நரம்பல்ல, இரத்தக்குழாய்ச் சுருக்கம். பதற்றத்தில் மூச்சு வாங்கும்போது இரு கை விரல்களும் உதடுகளும் சேர்ந்து விறுவிறுத்தால் அது வேகமாக மூச்சு விடுவதன் விளைவு. பல ஆண்டு மதுப்பழக்கமும், புற்றுநோய்க்குத் தரப்படும் சில மருந்துகளும் நரம்பைக் கெடுக்கும். ஓரிரு நாள்களில் கால்களில் தொடங்கி மரப்பும் பலவீனமும் மேலேறிக்கொண்டே வந்தால் அன்றே மருத்துவமனையில் சேர வேண்டும். மூச்சுத் தசைகளைத் தொட்டுவிடும் அபாயம் அதில் உண்டு.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி, பி12, தைராய்டு, சிறுநீரகச் செயல்பாடு, முழு இரத்த அணுக்கள் ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனைகளும், இரு கைகளுக்கும் நரம்புக் கடத்தல் சோதனையும் போதும். இந்தச் சோதனையில் மணிக்கட்டில் லேசான மின் அதிர்வு கொடுத்து, நரம்பு அதை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று அளப்பார்கள்; சுருக்கென்று இருக்குமே தவிர ஆபத்தில்லை. தொடக்க நிலையில் சில நேரம் முடிவு சரியாகவே வரலாம் என்பதால், அறிகுறிகளைவிட அதற்கு அதிக மதிப்புத் தர வேண்டியதில்லை.

இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டையை இன்றே தொடங்கலாம். சர்ஜிக்கல் கடைகளில் கிடைக்கும் பல பட்டைகளில் உள்ளே இருக்கும் உலோகத் தகடு மணிக்கட்டைப் பின்பக்கமாக வளைத்துப் பிடிக்கும்படி அமைந்திருக்கும். அந்தத் தகட்டை உருவி, நேராக்கி, மறுபடி செருகிக் கட்டுங்கள். வளைந்தபடி கட்டினால் நரம்பின் மீதான அழுத்தம் குறையாது. விரல்கள் அசையும்படி, இறுக்காமல், ஆறு வாரமாவது எல்லா இரவுகளிலும் கட்ட வேண்டும். அதில் குறையாவிட்டால் மணிக்கட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அதன்பின் சில நாள் சர்க்கரை ஏறும் என்பதால் அடிக்கடி அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். மரப்பு பகலிலும் விலகாமல் நிலைத்துவிட்டாலோ, கட்டைவிரல் மேடு தட்டையாகிக் குழி விழத் தொடங்கினாலோ, தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்துகொள்வது நல்லது. கையை மட்டும் மரக்கச் செய்து அந்த நார்ப்பட்டையை விடுவிக்கும் சிறிய சிகிச்சை அது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். இரவுத் தொந்தரவு விரைவில் போய்விடும், நுனிகளின் உணர்ச்சி திரும்ப மாதங்கள் ஆகும், ஆனால் மெலிந்துபோன தசை முழுவதும் திரும்பும் என்று யாராலும் உறுதி தர முடியாது. கட்டைவிரல் மேட்டை இரு கைகளிலும் ஒப்பிட்டுப் பார்த்து, என்ன தெரிகிறதென்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

வேலையை விட வேண்டியதில்லை. ஒரே மூச்சில் தைக்காமல் இடையிடையே கையை நீட்டி ஓய்வு கொடுங்கள். மெஷினின் உயரத்துக்கு ஏற்ப நாற்காலியைச் சரிசெய்து, மணிக்கட்டு மடங்காமல் முழங்கையோடு நேர்க்கோட்டில் இருக்கும்படி உட்காருங்கள். பிசிறு வெட்டும் வேலையைச் சில வாரங்களுக்காவது வேறொருவருக்கு மாற்றித் தரும்படி சூப்பர்வைசரிடம் கேளுங்கள். செக்கிங் பகுதிக்கு மாற்றினாலும் சரியே. உங்கள் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், நான் சொன்ன பரிசோதனைகளுக்கும் அறுவை சிகிச்சைக்கும் அதன் மூலமே போகலாம். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், மருத்துவர் விடுப்புச் சான்று தரும் நாள்களுக்கு ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். சம்பளம் போய்விடுமே என்று அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடும் முன், கம்பெனி அலுவலகத்தில் உங்கள் ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.